எங்கட மேயர்

அந்த மனிதர் பிரான்சின் பிரதமரான பிறகும் அண்ணை அவரை "எங்கட மேயர்" என்றுதான் சொன்னார். இடையில் அந்த மனிதர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், ஒரு தேர்தலில் தோற்று வீட்டில் இருந்தார், திரும்பி வந்து அமைச்சரானார். அண்ணைக்கு அதெல்லாம் போட்டுக் கழற்றுகிற கோட்டு மாதிரி. உள்ளே இருந்தது அவருடைய மேயர்.

நான் அப்போது பாரிசில் ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு பயண முகவர் கடையில் வேலை செய்தேன். கொழும்புக்கும் சென்னைக்கும் டிக்கெட் போடுகிற சின்னக் கடை. முதலாளி மன்னார்க்காரர். மேசைக்கு மேலே மாதா படம், அதற்குப் பக்கத்தில் டிவி. பிரெஞ்சுச் செய்தி நாள் முழுவதும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவரும் பார்ப்பதில்லை, அண்ணை வரும் வரைக்கும்.

கடையில் எல்லோரும் அண்ணை என்று கூப்பிட்ட அவர், கார் து நோர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும் வரை இடைவெளி இருக்கும். மற்றச் சமையல்காரர்கள் அந்த நேரத்தில் எங்காவது சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள். இவர் வெங்காயமும் பிளீச்சும் மணக்க எங்கள் கடைக்கு வருவார். முதலில் டிவியைப் பார்ப்பார், பிறகுதான் எங்களைப் பார்ப்பார்.

"தங்கச்சி, சத்தத்தை ஒருக்காக் கூட்டி விடும்."

ஊரில் ஷெல் விழுந்து அவருக்கு இடது காது கேட்காது. அதனால் சுவரோரக் கதிரையைத் திருப்பிப் போட்டு வலது காதை டிவிக்குக் கொடுத்து உட்காருவார். அப்படி இருக்கும்போது அவருக்குப் பின்னால் நாங்கள் என்ன சொன்னாலும் கேட்காது. முதலாளி அதைப் பயன்படுத்தி நிறையச் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமைகளில் பின்னேரம் நாடாளுமன்றத்தில் பிரதமரிடமும் அமைச்சர்களிடமும் கேள்வி கேட்பார்கள். அதை நேரடியாகக் காட்டுவார்கள். அவருடைய இடைவெளியும் அதே நேரம்தான். அது தற்செயலானது என்று அவர் நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை. பாஸ்போர்ட்டும் கையுமாகக் காத்திருக்கும் ஆட்களுக்கு, அவர்கள் கேட்காமலே, விளக்கம் சொல்லுவார்.

"அக்கா, உதில எழும்பிக் கத்துறாரே, அவர் எதிர்க்கட்சி. சும்மா கத்துவார். பிறகு வெளியில போய் எங்கட மேயரோட சேர்ந்து கோப்பி குடிப்பார். எங்கட மேயர் ஆரையும் பகைக்கமாட்டார்."

"அண்ணை, உங்கட மேயருக்கு உங்களைத் தெரியுமோ?" என்று முதலாளி கேட்பார்.

"தெரியும்." சிரிக்கவே மாட்டார்.

அவர் சொன்ன கதை இதுதான். பிரான்சுக்கு வந்த புதிதில், விசாப் பத்திரம் ஒன்றும் இல்லாத காலத்தில், பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் பழைய வீடு ஒன்றின் நிலவறையில் பலரோடு சேர்ந்து இருந்தார். ஒரு பனிக்காலத்தில் அந்த வீடு தீப்பிடித்தது. தப்பி வந்தவர்களைப் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் படுக்க விட்டார்கள். விடிந்ததும் மேயர் வந்தார். றப்பர் சப்பாத்தோடு ஒவ்வொரு படுக்கையாக வந்து பெயர் கேட்டார். அண்ணையின் பெயர் நீளமானது. பாதியில் விட்டுவிட்டுப் போகாத பிரெஞ்சுக்காரரை அவர் அதுவரை கண்டதில்லை. மேயர் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு, கடைசியில் தானே முழுதாகச் சொன்னார்.

"ஒரு எழுத்துப் பிழையில்லை, தங்கச்சி. என்ர அப்பா கூப்பிட்ட மாதிரி இருந்தது."

அதற்குப் பிறகு நகரசபையில் இருந்த ஒரு அலுவலர் அவருடைய விண்ணப்பத்தைப் பொறுப்பெடுத்துச் செய்தார். அடுத்த வருடமே விசா அட்டை கிடைத்தது. காலம் போய்ப் பிரெஞ்சுக் குடியுரிமையும் கிடைத்தது. அவர் கற்பனையில் ஒருவரைக் கும்பிடவில்லை. அது உண்மையில் நடந்தது. அதனால்தான் அவரோடு வாதாடுவது கஷ்டம்.

"அது தேர்தல் வருசம் அண்ணை. போட்டோக்காரரும் வந்திருப்பாங்களே?" என்றார் முதலாளி ஒருநாள்.

"வந்தவங்கள்தான். வந்தா என்ன? போட்டோவுக்காகச் செய்தாலும் விசாக் காட் என்ர கையிலதானே வந்தது?"

அந்த மனிதர் தேர்தலில் தோற்ற வருடம் அண்ணை பல வாரங்கள் எங்கள் கடைக்கு வரவில்லையாம். அது நான் அங்கே சேர்வதற்கு முந்திய கதை. பிரதமரான நாள் எனக்கு நல்ல நினைவு. அண்ணை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கலியாணத்துக்குப் போகிற மாதிரிக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். எதிர்க் கடையில் வாங்கிய லட்டுப் பெட்டி கையில். டிவியில் பிரதமர் மாளிகையின் முற்றம் தெரிந்தது. பழைய பிரதமர் படியில் நின்று பேசினார், பிறகு புதியவர் பேசினார். புதியவர் வாயைத் திறந்ததும் அண்ணை கதிரையிலிருந்து எழும்பி நின்றார். கடையில் இருந்த இரண்டு வயதான பெண்களும், எதற்கென்று தெரியாமல், அவரைப் பார்த்து எழும்பினார்கள். பேச்சு முடிந்து கார் புறப்படும் வரை அவர் திரும்ப உட்காரவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"எங்களை அறிஞ்ச ஒருத்தர் அங்கை இருக்கிறார்" என்றார். லட்டு எல்லோருக்கும் இரண்டிரண்டு வந்தது.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நான் இருந்த இடமும் அவர்கள் இருந்த ஊரும் ஒரே ரயில் பாதையில்தான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அண்ணை மேயரின் ஊரை விட்டு வேறெங்கும் வீடு மாறச் சம்மதிக்கவில்லை. லிப்ட் வேலை செய்யாத கட்டடம், உயரத்தில் வீடு. பிள்ளைகள் இல்லை. அக்காவின் தம்பி ரூபன் அவர்களோடு இருந்தான். அண்ணை வேலை செய்த உணவகத்திலேயே கோப்பை கழுவினான். வந்து பல வருடங்கள். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, நாட்டை விட்டுப் போகச் சொல்லி ஒரு உத்தரவும் முன்னொருகாலம் வந்திருந்தது. அவன் போகவில்லை. அப்படி எத்தனையோ பேர் போகவில்லை, வேலை செய்துகொண்டு இருந்தார்கள்.

ரூபன் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒழுகுகிற பைப்பைத் தேடுவான். ஒழுகினால் அவனுக்குச் சந்தோசம். என் வீட்டுக் குசினிப் பைப்பைத் திருத்திவிட்டு, "அக்கா, இனி இது உங்களைவிடக் கனகாலம் இருக்கும்" என்றான்.

அந்த வீட்டில் எப்போதும் சிரிப்பு இருந்தது. பிரெஞ்சு அரசமைப்பில் நாற்பத்தொன்பது மூன்று என்று ஒரு பிரிவு இருக்கிறது. அரசாங்கத்துக்கு ஆதரவு போதாவிட்டால், பிரதமர் அதைப் பாவித்து வாக்கெடுப்பு இல்லாமலே சட்டத்தை நிறைவேற்றலாம். எதிர்க்கட்சிகள் சேர்ந்து நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து வென்றால்தான் அதைத் தடுக்க முடியும், அப்போது அரசாங்கமே கவிழும். அண்ணையின் மேயருக்கு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லை. அந்தப் பிரிவை அடிக்கடி எடுத்தார். அண்ணை அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இண்டைக்கு மீன்தான். நாப்பத்தொன்பது மூண்டு. வாக்கெடுப்பு இல்லை."

"அத்தான், நான் தீர்மானம் கொண்டுவாறன்" என்பான் ரூபன்.

"கொண்டுவா பாப்பம். உனக்கு ஆதரவு காணாது."

அக்கா இரண்டு பேரையும் ஏசிக்கொண்டே மீனை வெட்டுவார்.

அந்த அரசாங்கம் ஆரம்பத்திலேயே வெளிநாட்டவர் விசயத்தில் இறுக்கமாக இருக்கப்போவதாகச் சொன்னது. பிரதமரின் முதல் பெரிய உரையில் அந்தப் பகுதி வந்தபோது நான் அண்ணையைப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். சில மாதங்களில் விசா அலுவலகங்களுக்குப் புதிய அறிவுறுத்தல் போனது. வேலை செய்கிறார்கள் என்ற காரணத்துக்காக விசா கொடுப்பதைக் குறைக்க வேண்டும், முன்பு வெளியேற்ற உத்தரவு பெற்றவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று. எங்கள் கடை இருந்த லா சப்பல் பகுதியில் எந்தத் தமிழ்க் கடைக்குப் போனாலும் அதுதான் பேச்சு.

ஒருநாள் டிக்கெட்டை ரத்துச் செய்ய ஒரு பெண் வந்தாள். கணவனுடைய அட்டை புதுப்பிக்கப்படவில்லை, ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அண்ணை வழக்கம்போல விளக்கத் தொடங்கினார்.

"அது உங்களுக்குச் சொன்னது இல்லை பிள்ளை. கள்ள வேலை, கஞ்சா, அந்த ஆக்களுக்குச் சொன்னது. எங்கட மேயர் உழைக்கிற ஆக்களைக் கைவிடமாட்டார்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்ர மனிசன் விடியப் பஸ் கழுவுறவர். உங்கட மேயர் வந்து பாத்தவரோ?"

"ஒருக்காப் போய்க் கதைச்சா..."

"ஆரோட கதைக்கிறது? ஆர் கதவைத் திறக்கிறான்? விசர்க் கதை கதையாதேங்கோ."

அவள் போன பிறகு அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பாவம். அவளுக்கு ஒரு ஆளையும் தெரியாது. அதுதான் பயப்பிடுறாள்." அவள் மீது அவருக்குக் கோபமே வரவில்லை. அந்த இரக்கத்தைக் கண்டபோதுதான் எனக்கு முதன்முதலாக இவரைப் பற்றி ஒரு பயம் வந்தது.

ரூபனின் விசயத்தை ஒரு பெண் வழக்கறிஞர், அக்காவின் பேச்சில் அவுக்காத், பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளத் துண்டுகள், வருடக் கணக்கு எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அவர் தெளிவாகச் சொன்னார்: இப்போது விண்ணப்பிக்க வேண்டாம். பழைய உத்தரவு இருக்கிறது. இந்த அரசாங்கம் கனநாளைக்கு நிற்காது. அடுத்தது வரட்டும், பொறுத்திருங்கள்.

அண்ணை அதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டார். "அடுத்தது வந்தா எங்களுக்கு ஆரைத் தெரியும்? இப்பதானே எங்கட ஆள் இருக்கிறார்!"

அந்த நேரம் பார்த்துப் பிரதமர் தன் பழைய ஊருக்கு வந்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் புதிய கட்டடத்தைத் திறந்துவைக்க. அண்ணை அதே கலியாணக் கோட்டோடு, ரூபனையும் கூட்டிக்கொண்டு, தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார். ரூபன் போனில் எடுத்த வீடியோவை எங்கள் கடையில் எல்லோருக்கும் காட்டினார்கள். பிரதமர் வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டு வருகிறார். அண்ணை கையைப் பிடித்துத் தன் பெயரைச் சொல்லுகிறார். தீப்பிடித்த வீடு, விளையாட்டு மண்டபம் என்று அவசர அவசரமாகச் சொல்லுகிறார். பிரதமர் மற்றக் கையையும் அண்ணையின் கைமேல் வைத்து, "தெரியாமலா, தெரியாமலா, வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று கேட்கிறார். பிறகு அடுத்த கை.

"கேட்டனீரே தங்கச்சி? வீட்டில எல்லாரும் சுகமோ எண்டு! இவன் பக்கத்தில நிக்கேக்கை கேட்டவர்."

முதலாளி போனை வாங்கி இன்னொருமுறை ஓட விட்டார். "அண்ணை, நான் சொல்லுறன் எண்டு கோவியாதேங்கோ. கேட்கேக்கையே அவர் மற்றாளைப் பாக்கிறார். அடுத்த மனுசியிட்டையும் அதைத்தான் கேட்டிருப்பார்."

"நீங்கள் அங்கை நிண்டனீங்களோ?"

"இல்லை..."

"நான் நிண்டனான். கையைப் பிடிச்சவனுக்குத்தான் தெரியும்."

நானும் சொல்லிப் பார்த்தேன். வழக்கறிஞர் சொன்னபடி கொஞ்சக்காலம் பொறுங்கள் என்றேன். அவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். ரூபன் பின்னால் போகும்போது என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டு முடித்த கையோடு அண்ணை சொன்னார், ரூபனுக்கு விசா அலுவலகத்தில் சந்திப்பு நேரம் எடுத்துவிட்டேன் என்று.

அக்கா கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டார். "என்னைக் கேட்டனீங்களோ?"

"கேட்டா நீ வேண்டாம் எண்டுவாய்."

"அந்த அவுக்காத் மனுசி வேண்டாம் எண்டுதானே சொன்னவ? படிச்சவ சொல்லுறா!"

"அவவுக்குச் சட்டம் தெரியும். எனக்கு ஆளைத் தெரியும்."

"அத்தான், எனக்கும் பயமாத்தான் கிடக்கு" என்றான் ரூபன். அவன் குரலில் வழக்கமான பகிடி இல்லை. "இப்பிடியே இருந்திட்டுப் போறன். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லைத்தானே?"

அண்ணை அவனுடைய தலையில் கை வைத்தார். "ஒளிச்சு ஒளிச்சு எத்தினை வருசம் இருப்பாய்? பொலிசைக் கண்டா மற்றப் பக்கம் போறாய். கலியாணம் கட்டேல்லை. அம்மான்ர செத்தவீட்டுக்கும் போகேல்லை. நான் உன்னைப் பெருமையா நடக்க வைக்கப் போறன்." பிறகு மேசையில் தட்டினார். "நாப்பத்தொன்பது மூண்டு. வாக்கெடுப்பு இல்லை."

அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ரூபன் மறுக்கவும் இல்லை. அவனைப் பிரான்சுக்கு எடுத்ததும் அண்ணை, வேலையில் சேர்த்ததும் அண்ணை.

விசா அலுவலகத்தில் நடந்ததை அண்ணை எனக்கு ஒரேயொரு முறை சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல மரியாதையாகப் பேசினாளாம். கடவுச்சீட்டைக் கேட்டாள். கம்பியூட்டரைப் பார்த்தாள். இருங்கள், ஒருவர் வருவார் என்றாள். அண்ணை அதைக் கேட்டு ரூபனிடம், "பாத்தியே, பெரியாள் ஒருத்தர் வரப்போறார்" என்றாராம். வந்தது இரண்டு பொலிஸ்காரர்கள். ரூபனுடைய கைகளைப் பின்னால் எடுத்தபோது அவன் அண்ணையைத் திரும்பிப் பார்த்து, "அத்தான், அக்காவுக்கு உடன சொல்லாதேங்கோ, வேலையில நிப்பா" என்றான்.

அவனை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தடுப்பு நிலையத்தில் வைத்தார்கள். வழக்கறிஞர் ஓடித் திரிந்தார். நீதிபதி தடுப்பை நீடித்தார். அண்ணை இதில் எதையும் அரசாங்கத்தின் செயலாகப் பார்க்கவில்லை. "கீழ இருக்கிறவங்கள் செய்யிற வேலை. அவருக்குத் தெரியாது. தெரியப்படுத்தினாச் சரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பழைய நகரசபைக்குப் போனார். அவருக்கு உதவிய அலுவலர் ஓய்வுபெற்று எங்கோ தெற்கே போய்விட்டார். கடைசியில், பிரதமர் மாளிகைக்கே போகப்போகிறேன் என்று கோட்டைப் போட்டார். அக்கா எனக்கு போன் எடுத்தார். "நீர் ஒருக்காக் கூடப் போம். அங்கை போய் ஏதும் செய்து, அவரையும் பிடிச்சா நான் என்ன செய்ய?"

சென் நதிக்கு அந்தப் பக்கம் அமைதியான தெரு அது. தெருமுனையிலேயே இரும்புத் தடுப்பு. இளம் பொலிஸ்காரன் ஒருவன் எங்களை மறித்து, இங்கே வசிப்பவரா என்று கேட்டான்.

"நான் பிரதமரைப் பார்க்க வேண்டும். அவர் எங்கள் மேயர்" என்றார் அண்ணை, பிரெஞ்சில்.

"நேரம் எடுத்திருக்கிறீர்களா ஐயா?"

"என் பெயரைச் சொன்னால் போதும். அவருக்குத் தெரியும்."

அந்தப் பையன் சிரிக்கவில்லை. கெட்டவனாகவும் இருக்கவில்லை. "ஐயா, அப்படி யாரையும் உள்ளே விட முடியாது. எழுதிப் போடுங்கள்" என்றான். அண்ணை மறுபடியும் தீப்பிடித்த வீட்டிலிருந்து தொடங்கினார். பையன் முழுவதும் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்து, தணிந்த குரலில், "மேடம், இவரை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். இந்தக் கிழமை முடியுமுன் இங்கே இருப்பவரே பெட்டியைக் கட்டப்போகிறார் என்று சொல்கிறார்கள்" என்றான். கேட்காத காது அவன் பக்கம் இருந்தது. அண்ணை, "என்ன சொல்லுறான்? சொல்லிவிடுறானாமோ?" என்று கேட்டார். எழுதச் சொல்லுகிறான் என்றேன். தடுப்புக்கு வெளியே, ஒரு கார் உள்ளே போகும், அவர் கண்ணாடி வழியாகக் காண்பார் என்று, கால் விறைக்கும் வரை நின்றோம். கார்கள் போயின. எல்லாக் கண்ணாடியும் கறுப்பு.

அதற்கு அடுத்த நாள் அக்கா எங்கள் கடைக்கு வந்தார். தலைகூட வாரி இழுக்கவில்லை. ரூபன் காலையில் ஒருவருடைய போனில் பேசியிருக்கிறான். ஏற்றப்போகிறார்கள், பின்னேரம், அவ்வளவுதான் தெரியும் என்று.

"எந்த பிளேன் தங்கச்சி? உமக்குத் தெரியும்தானே, நீர் டிக்கெட் போடுறனீர்தானே?"

எனக்குத் திரையைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. பின்னேரம் கொழும்புப் பக்கம் போகிற விமானங்களை நான் தூக்கத்திலும் சொல்லுவேன். ஆனாலும் திரையைத் திறந்து அவருக்குக் காட்டினேன். பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்றேன். அவர் அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். நேரம் ஆகும்வரை என் மேசைக்கு முன்னால் இருந்தார். முதலாளி டிவியை நிறுத்திவிட்டார். புறப்பட்டது என்று திரையில் மாறியபோது நான் சொல்லவில்லை. அவரே வாசித்துவிட்டு எழும்பிப் போனார்.

அந்தக் கிழமையே அரசாங்கம் கவிழ்ந்தது. வரவுசெலவுத் திட்டத்தைப் பிரதமர் வாக்கெடுப்பில்லாமல் நிறைவேற்றப் பார்த்தார். எதிர்க்கட்சிகள் இடது, வலது இரண்டு பக்கமும் சேர்ந்து நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை வென்றன. அண்ணை வந்து அதே கதிரையில் இருந்தார். சபாநாயகர் முடிவை வாசித்ததும் கடையில் நின்ற இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். பஸ் கழுவுகிறவரின் மனைவி அன்றைக்கும் வந்திருந்தாள். அவள் கை தட்டவில்லை. அண்ணையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பவே இல்லை. திரையில் அந்த மனிதர் தாள்களை அடுக்கிக்கொண்டு யாரோ ஒருவருடைய தோளில் தட்டிச் சிரித்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ரூபன் இங்கே இருந்திருப்பான் என்பதை அந்தக் கடையில் இருந்த எல்லோரும் நினைத்தோம்.

அன்றிரவு வீட்டில் அக்கா அவரிடம் சொன்னதை, பிறகு அக்காவே எனக்குச் சொன்னார்: "அந்தாளை விழுத்த அத்தினை பேர் சேர்ந்தினம். உங்களை விழுத்த எனக்கு ஆர் இருந்தவை?"

அக்கா வேறொரு ஊரில் இருந்த தன் ஒன்றுவிட்ட சகோதரியிடம் போய்விட்டார். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒரு பை எடுத்துக்கொண்டு போனார், பிறகு இன்னொரு பைக்கு வந்தார், பிறகு வரவில்லை.

ரூபனைக் கொழும்பு விமான நிலையத்தில் விசாரித்த பிறகு வெளியே விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த வீட்டுக்கும் இரண்டொருமுறை ஆட்கள் வந்து விசாரித்தார்கள். அவனால் அங்கே இருக்க முடியவில்லை. மறுபடியும் நாட்டை விட்டுப் புறப்பட்டான். கடைசியாக ஏதோ ஒரு கடற்கரை ஊரிலிருந்து அக்காவுக்கு எடுத்தான். காற்றுச் சத்தத்தில் பாதி விளங்கவில்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்லு என்றது மட்டும் விளங்கியது. அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. அக்கா அந்தப் போனை மாற்றாமல் வைத்திருக்கிறார். ரூபன் கேட்டதை அக்கா அண்ணைக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று என்னையும் கேட்டுக்கொண்டார். நானும் சொல்லவில்லை.

பிறகு நான் வேறு வேலைக்குப் போனேன். அண்ணையை நீண்ட காலம் காணவில்லை. நகரசபைத் தேர்தல் வந்த பனிக்காலத்தில் ஒருநாள், அவருடைய ஊர் ரயில் நிலையத்தில் இறங்க வேண்டியிருந்தது. வாசலில் ஆட்கள் தேர்தல் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அந்த முன்னாள் பிரதமர் மறுபடியும் மேயர் பதவிக்குப் போட்டியிட்டார். கொடுத்தவர்களில் ஒருவர் அண்ணை.

மெலிந்துபோயிருந்தார். கட்சி கொடுத்த நீல நிற மழைக்கோட்டு, அவருக்குப் பெரியது. வருகிறவர்களுக்குக் கொடுப்பதுபோல முகம் மலர்ந்து எனக்கும் ஒன்றை நீட்டினார். பழக்கத்தில் நீட்டிவிட்டு, நான் யார் என்று கண்டு, கையைப் பாதியில் நிறுத்தினார்.

எனக்குக் கோபம் வந்தது. "இன்னும் இந்தாளுக்காகவோ அண்ணை? அவ்வளவும் நடந்த பிறகுமோ?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவரோடு வந்த பிரெஞ்சு இளைஞர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். என்னைச் சுவரோரமாகக் கூட்டிப்போனார். துண்டுப்பிரசுரங்களை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மனிசன் பிழையான ஆளெண்டு நான் இப்ப ஒத்துக்கொண்டால், தங்கச்சி..." நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஒத்துக்கொண்டால், பிறகு ரூபனைக் கூட்டிக்கொண்டுபோய்க் குடுத்தது ஆர்?"

அதை அவர் வாய்ப்பேச்சுக்காகக் கேட்கவில்லை. என்னிடம் ஒரு பதில் இருக்கும் என்று நின்று என் முகத்தைப் பார்த்தார். மேலே ரயில் வந்து நின்றது. படிகளில் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். அவர் மழைக்கோட்டை நேராக்கிக்கொண்டு, அவர்களை நோக்கிப் போனார்.